ஒரு பெயருக்குள் பல அந்துகள்: தென்னிந்தியத் தண்டுத் துளைப்பான்களை இனங்கண்ட வரலாறும் பழைய பதிவுகளின் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

கரும்பு, சோளம், நெல் ஆகிய பயிர்களின் தண்டைத் துளைக்கும் சிறு அந்துப்பூச்சிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றுள் பல, இந்திய வேளாண் ஆவணங்களில் ஒரே இலத்தீன் பெயரால் பதிவாயின. அவை பிரித்தறியப்பட்ட முறையையும், பழைய ஆவணங்களைப் பயன்படுத்தும் வரலாற்றாய்வாளருக்கு அதனால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரை மட்டும் விட்டுச்சென்ற பதிவுகள் பயனிழந்தன என்பதும், பயிர், தாக்குண்ட உறுப்பு, பருவம், மாதிரி ஆகியவற்றையும் சேர்த்துவைத்த பதிவுகள் பெயர் மாறிய பின்னும் நிலைத்தன என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: அந்துப்பூச்சி, தண்டுத் துளைப்பான், கரும்பு, வகைப்பாட்டியல், வகைமாதிரி, வேளாண் வரலாறு.

முன்னுரை

வேளாண் வரலாற்றை ஆராய்வோர் பயிர்நோய், பூச்சித் தாக்குதல் பற்றிய செய்திகளுக்கு அரசுத் துறை அறிக்கைகளையே பெரிதும் சார்ந்திருக்கின்றனர். ஓர் ஆண்டில் ஒரு மாவட்டத்துக் கரும்பு இன்ன பூச்சியால் கெட்டது என்று அறிக்கை கூறினால், அப்பூச்சியின் இலத்தீன் பெயரை இன்றைய நூல் ஒன்றில் தேடி, அங்குள்ள வாழ்க்கை வரலாற்றைப் பழைய செய்தியின்மேல் ஏற்றிவிடுவது வழக்கமாக இருக்கிறது. இலத்தீன் பெயர் என்பது மாறாத அடையாளம் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. யானைக்கும் புலிக்கும் இந்நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தும். ஓர் அங்குலத்தை ஒட்டிய சிறகு விரிவுடைய, வைக்கோல் நிறமான அந்துப்பூச்சிக்கு இது பொருந்துவதில்லை.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பூச்சிகள் இரு பேரினங்களைச் சேர்ந்தவை. ஒன்று கைலோ, மற்றொன்று சிர்போபேகா. கைலோ அந்துகள் மங்கிய பழுப்பு அல்லது வைக்கோல் நிறத்தவை. உதட்டுணர் உறுப்புகள் முகத்துக்கு முன்னே மூக்குப்போல் நீண்டிருக்கும். சிர்போபேகா அந்துகளுள் பல தூய வெண்மை நிறத்தவை. பெண்ணின் வயிற்று நுனியில் மயிர்க்கற்றை ஒன்று உண்டு. முட்டைக் குவியலை அதன் மயிரால் மூடிவைக்கும். ஒரு பேரினத்தை மற்றதிலிருந்து பிரிப்பது எளிது. ஒரே பேரினத்துக்குள் ஒரு சிற்றினத்தை அடுத்ததிலிருந்து பிரிப்பதே இடர்ப்பாடு. சிறகின் செதில்கள் தொட்டால் உதிர்பவை. விளக்குப் பொறியில் விழுந்து இரவெல்லாம் படபடத்த அந்தின் சிறகில், நூல் கூறும் புள்ளியோ கோடோ விடியும்போது மிஞ்சியிருப்பதில்லை. ஆணும் பெண்ணும் நிறத்திலும் அளவிலும் வேறுபடுவதால், ஒரு சிற்றினத்தின் பெண், தன் இன ஆணைவிட வேற்றினப் பெண்ணையே ஒத்திருப்பதும் உண்டு.

தமிழ் வழக்கில் பூச்சியும் புழுவும்

தமிழில் 'அந்து' என்பது சேமித்த நெல்லில் தோன்றும் பூச்சியையே முதன்மையாகக் குறித்தது. விளக்கை நாடிவரும் பூச்சிக்கு 'விட்டில்' என்ற சொல் உண்டு. ஆனால் அது வெட்டுக்கிளியையும் குறிக்கும். தண்டுக்குள் இருந்து கெடுக்கும் உயிருக்கு உழவர் தந்த பெயர் பூச்சியின் பெயரன்று, புழுவின் பெயர்: குருத்துப்புழு. இரவில் பறந்து பகலில் இலையடியில் ஒடுங்கும் அந்துக்கும், காய்ந்த குருத்தைப் பிடுங்கினால் அடியில் காணும் புழுவுக்கும் உள்ள உறவைச் சொல்ல உழவர் வழக்கில் தேவை எழவில்லை. கெடுவது குருத்து, கெடுப்பது புழு, பெயரும் அவ்வாறே அமைந்தது.

பின்னர் வேளாண் விரிவாக்கத் துறை இப்பெயரை மூன்றாகப் பிரித்தது. கரும்பு நட்ட முதல் மூன்று மாதங்களில் இளம்பயிரின் குருத்தைக் காயவைப்பது இளங்குருத்துப் புழு. கணு விட்ட பின் கணுக்களுக்கு இடையே துளைப்பது இடைக்கணுப் புழு. வளர்ந்த கரும்பின் உச்சியில் இறங்குவது நுனிக்குருத்துப் புழு. இவை ஆங்கில வழக்கைத் தழுவி ஆக்கப்பட்டவை என்பது வெளிப்படை. ஆயினும் பழைய தமிழ்ப் பெயரைப் போலவே இவையும் தாக்குண்ட உறுப்பை அடிப்படையாகக் கொண்டவை. உறுப்பைக் கொண்டு பெயரிடும் இம்முறை, அறிவியல் பெயர்கள் குழம்பிக் கிடந்த காலத்திலும் பூச்சிகளை ஓரளவு சரியாகவே பிரித்து வைத்திருக்கக் கூடியது என்பதைப் பின்னர்க் காண்போம். 'ஓரளவு' என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். இளங்கரும்பின் குருத்தைக் காயவைப்பன ஒன்றுக்கு மேற்பட்டவை. நுனிக்குருத்துப் புழுவும் இளம்பயிரைத் தாக்குவதுண்டு.

'கைலோ சிம்ப்ளெக்ஸ்' என்னும் பெயரின் ஆட்சி

இந்திய அந்துப்பூச்சிகளுக்கு முதல் முழுமையான கைந்நூலை எழுதியவர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஆம்ப்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்த வந்து, அங்கேயே அந்துகளைத் திரட்டத் தொடங்கியவர். பின்னர் இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத் தொகுப்பை ஆராய்ந்து, 'பிரித்தானிய இந்திய விலங்குகள்' வரிசையில் அந்துகள் பற்றி நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896 வரை வெளியிட்டார். தண்டுத் துளைப்பான்கள் அடங்கிய குடும்பம் 1896இல் வந்த நான்காம் தொகுதியில் உள்ளது. வகைப்பாட்டுக்கு அவர் கொண்ட அளவுகோல் சிறகு நரம்புகள், உதட்டுணர் உறுப்புகள், நிறக்குறிகள் ஆகியவை. இந்தியாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஒருவர் கையில் இந்நூல் இருந்தால், பேரினம் வரை நம்பிக்கையுடன் செல்லலாம். அதற்குமேல் சில வரி வருணனையே துணை.

இந்நூலுக்கு முன்பே பெயர்கள் மிகுந்து கிடந்தன. பிரான்சிஸ் வாக்கர் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக 1854 முதல் 1866 வரை 35 பகுதிகளாக வெளியிட்ட பட்டியலில், நெல்லின் மஞ்சள் குருத்துப்பூச்சிக்கு 1863ஆம் ஆண்டு ஒன்றிலேயே இரு பெயர்கள் கிடைத்தன. 'கைலோ இன்செர்டுலஸ்' ஒன்று. 'டிபானியா பங்டிபெரா' என்றும் 'பைபங்டிபெரா' என்றும் பின்னோர் எழுதிய, இருபுள்ளி என்னும் பொருளுடைய பெயர் மற்றொன்று. பெண்ணின் முன்சிறகில் தெளிவான கரும்புள்ளி உண்டு. ஆண் சிறியது, மங்கியது. ஒரு சிற்றினம் இரண்டாகப் பெயர் பெற்றதற்கு இவ்வேறுபாடு இடந்தந்தது. இரு பெயர்களும் இந்திய, கிழக்காசிய நூல்களில் பல்லாண்டு அருகருகே வழங்கின. முதற்பெயரிலுள்ள இலத்தீன் வேர்ச்சொல்லுக்கு ஐயத்துக்குரியது என்று பொருள். பெயர் வைத்தவரே அறிந்து வைத்தார்போலும்.

நெற்பூச்சியில் ஒன்று இரண்டானது. கரும்பு, சோளப் பூச்சிகளில் பல ஒன்றாயின. தைவானிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1880இல் பட்லர் 'சிம்ப்ளெக்ஸ்' என்ற பெயரை அளித்தார். இன்று அப்பெயர் தனியே நிற்பதில்லை. சீனம், ஜப்பான் ஆகிய நாடுகளின் நெற்பயிரைக் கெடுக்கும் கைலோ சப்ரெசாலிஸ் என்னும் சிற்றினத்தின் மறுபெயராகவே கொள்ளப்படுகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் தண்டில் வாழ்ந்த கைலோக்கள் பொதுவாக 'கைலோ சிம்ப்ளெக்ஸ்' என்றே எழுதப்பட்டன.

மாக்ஸ்வெல்-லெஃப்ராய் இதில் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பின் அந்துத் துளைப்பானை ஆராய்ந்துவிட்டு 1903இல் இந்தியா வந்தவர். மேற்கிந்தியாவில் அவர் கண்டது டயாட்ரேயா சாக்கராலிஸ் என்னும் ஒரே சிற்றினம். ஒரு பயிர், ஒரு பூச்சி என்பது அங்கு ஏறக்குறைய உண்மை. 1906இல் அவர் மேற்கிந்தியப் பகுதியின், அதாவது பம்பாய்ப் பக்கத்துக் கரும்பு, மக்காச்சோளம், சோளம் ஆகியவற்றின் துளைப்பானைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'துளைப்பான்' என்ற சொல் ஒருமையில் நிற்கிறது. மூன்று பயிர், ஒரு பூச்சி. அவர் கவனமற்றவர் என்று இதற்குப் பொருளில்லை. அவர் கையில் இருந்த கருவி சிறகின் தோற்றம் மட்டுமே. அக்கருவி பிரிக்கக்கூடியதை அவர் பிரித்தார்.

சென்னை மாகாணத்தில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த தாமஸ் பெய்ன்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் 'தென்னிந்தியப் பூச்சிகள் சில' என்ற பெருநூலை வெளியிட்டார். கடற்படைப் பணியிலிருந்து பூச்சியியலுக்கு வந்தவர் அவர். கோயம்புத்தூரில் வேளாண் கல்லூரியும், 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிலையமும் இயங்கத் தொடங்கிய காலம் அது. தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளை ஒரே நூலில் தொகுத்துக் காட்டியது அந்நூலின் பெருமை. தண்டுத் துளைப்பான்களைப் பொறுத்தவரை அதுவும் தன் காலத்துப் பெயர்களையே ஏற்றது.

புழுவை வளர்த்துப் பார்த்தல்

குழப்பத்தின் முதல் முடிச்சை அவிழ்த்தது நுண்ணோக்கியன்று, வளர்ப்புக் கூண்டு. ஃபிளெட்சர் பூசாவுக்குப் பேரரசுப் பூச்சியியலாளராகச் சென்றபின், பல மாகாணங்களிலிருந்து துளைப்பான் புழுக்களை வரவழைத்துத் தனித்தனியே வளர்க்கும் பணி நடந்தது. எந்தப் பயிரின் எந்த உறுப்பில் எடுத்த புழு, அதிலிருந்து எந்த அந்து வெளிவந்தது என்பதைத் தொடர்புபடுத்தியபோது, 'சிம்ப்ளெக்ஸ்' என்னும் ஒரு பெயருக்குள் இருந்த கூட்டம் வெளிப்பட்டது. பூசாவில் 1919இல் கூடிய மூன்றாவது பூச்சியியல் கூட்டத்தின் நடவடிக்கைகளில், கரும்பு, நெல் முதலியவற்றின் துளைப்பான்கள் பற்றி ஃபிளெட்சரும் சி. சி. கோஷும் எழுதிய நீண்ட கட்டுரை 1920இல் அச்சாயிற்று. இளங்கரும்பின் குருத்தைக் கெடுப்பது ஆர்கிரியா ஸ்டிக்டிகிராஸ்பிஸ் என்றும், கணுவிடையைத் துளைப்பது டயாட்ரேயா வெனோசேட்டா என்றும், சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் உரியது கைலோ சோனெல்லஸ் என்றும் மூன்று பெயர்கள் அதன்பின் இந்திய நூல்களில் நிலைபெற்றன. இவற்றுள் முதற்பெயரை ஆம்ப்சன் 1919இல்தான் உருவாக்கியிருந்தார்.

இம்மூன்று பெயர்களும் இன்று செல்லா. முதலாவது, சாவகத் தீவுக் கரும்பிலிருந்து 1890இல் ஸ்னெல்லன் வருணித்த கைலோ இன்பஸ்கடெல்லஸ் என்பதன் மறுபெயர். இரண்டாவது கைலோ சாக்கரிபேகஸ் இன்டிகஸ் ஆயிற்று. மூன்றாவது கைலோ பார்டெல்லஸ். பெயர்கள் மூன்றும் மாறின. மூன்று என்ற எண்ணிக்கை மாறவில்லை. 1919இல் செய்யப்பட்ட பிரிப்பு சரியானது. அப்பிரிவுகளுக்கு ஒட்டிய சீட்டுகளே பின்னர் மாற்றப்பட்டன. இவ்வேறுபாட்டை உணராமல், பழைய பெயர்கள் அனைத்தும் தவறு என்று ஒதுக்குவது வரலாற்றாய்வில் அடிக்கடி நேரும் மிகை.

வளர்ப்பின் மற்றொரு பயன், அந்து வெளிவரும்வரை காத்திராமல் புழுவைக் கொண்டே இனங்காண வழி பிறந்தது. இளங்குருத்துப் புழுவின் உடலில் நீளவாக்கில் ஐந்து ஊதாக் கோடுகள் உண்டு; இடைக்கணுப் புழுவில் நான்கு. வயிற்றுப் போலிக்கால்களின் அடியில் உள்ள நுண்கொக்கிகள் முன்னதில் பிறைபோலவும் பின்னதில் முழு வட்டமாகவும் அமைந்திருக்கும். கைவில்லை ஒன்றிருந்தால் வயல்வரப்பில் நின்றே இதைப் பார்த்துவிடலாம். சிறகின் செதிலைப் போல் இக்கோடுகள் உதிர்வதில்லை.

சிறகுக்கு அப்பால்

அந்துகளை வயிற்று நுனியின் பிறப்புறுப்பு அமைப்பால் பிரிக்கும் முறை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அதை எல்லாரும் கையாளத்தக்க முறையாக்கியவருள் முதன்மையானவர் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் நெல்சன் பியர்ஸ். 1909இல் தொடங்கி அவர் தனித்தும் பிறருடன் சேர்ந்தும் பிரித்தானிய அந்துக் குடும்பங்களின் பிறப்புறுப்புப் படநூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். செய்முறை எளியது. உலர்ந்த அந்தின் வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்துக் காரக் கரைசலில் இட்டால் தசையும் கொழுப்பும் கரைந்து, கடினமான கைட்டின் உறுப்புகள் மட்டும் எஞ்சும். அவற்றைத் துலக்கிக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் ஒப்பிடுவர். சிறகால் பிரிக்க இயலாத இரு சிற்றினங்கள் இங்கே பற்றுறுப்பின் வளைவிலோ முள்ளின் எண்ணிக்கையிலோ தெளிவாக வேறுபட்டு நிற்கும்.

இதை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. சிற்றந்துகளின் ஆய்வில் அக்காலத்தின் பெரும்பெயர் எட்வர்ட் மேரிக். மார்ல்பரோ கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், உலகெங்கிலுமிருந்து தமக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயரிட்டார். கோயம்புத்தூரிலிருந்தும் பூசாவிலிருந்தும் ஃபிளெட்சர் அனுப்பியவை அவற்றுள் அடங்கும். இலங்கையின் மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்து சென்றவையும் உண்டு. மேரிக் கைவில்லையையும் சிறகு நரம்புகளையுமே நம்பினார்; பிறப்புறுப்பு ஆய்வை ஏற்க மறுத்தார். 1912 முதல் அவரே வெளியிட்ட அயல்நாட்டுச் சிற்றந்துகள் பற்றிய இதழில் படங்கள் இல்லை; செறிவான வருணனைகள் மட்டுமே. 1938இல் அவர் மறைந்தபின், அவ்வருணனைகளைக் கொண்டு மட்டும் எதையும் உறுதியாக இனங்காண முடியவில்லை. கேட்ஸ் கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் மேரிக்கின் வகைமாதிரிகளுக்குப் புகைப்படமும் பிறப்புறுப்புப் படமும் சேர்த்து 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகள் வெளியிட வேண்டியதாயிற்று. மேரிக்கின் பிடிவாதத்தைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவர் மாதிரிகளை ஊசியில் குத்தி, இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் காத்துவைத்திருந்தார் என்பதால்தான் கிளார்க்கின் பணி இயன்றது.

தண்டுத் துளைப்பான்களுக்கு இம்முறையை முழுமையாகப் பொருத்தியவர் இந்திய அறிஞர் ஏ. பி. கபூர். இந்தியக் கரும்போடு தொடர்புடைய அந்துகளின் அடையாளம் பற்றி அவர் எழுதிய விரிவான கட்டுரை 1950இல் இலண்டன் அரச பூச்சியியல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. இடைக்கணுத் துளைப்பானுக்கு அவர் புரோசெராஸ் இன்டிகஸ் என்று தனிப்பெயர் தந்தார். 1856இல் மொரீசியசுக் கரும்பிலிருந்து போயர் வருணித்த சாக்கரிபேகஸ் என்பதற்கு அது நெருங்கிய உறவு. அதன் இந்தியத் துணையினமாகவே பின்னர்க் கொள்ளப்பட்டது. இளங்குருத்துத் துளைப்பானைக் கபூர் கைலோட்ரேயா என்னும் புதுப் பேரினத்தில் வைத்தார். 1970இல் வெளிவந்த பிளெஷின்ஸ்கியின் உலகளாவிய கைலோ மறுஆய்வு இவை அனைத்தையும் மீண்டும் கைலோவுக்குள்ளேயே கொண்டுவந்தது. பேரினப் பெயர் போய் வந்தது. சிற்றினங்களின் எல்லையை அதனால் யாரும் கலைக்கவில்லை.

வெண்ணிற அந்துகள்

கைலோக்களில் நடந்ததைவிட நுட்பமான குழப்பம் வெண்ணிறச் சிர்போபேகாக்களில் நேர்ந்தது. கரும்பின் நுனிக்குருத்துத் துளைப்பான் இந்திய நூல்களில் நெடுங்காலம் 'சிர்போபேகா நிவெல்லா' எனப்பட்டது. நிவெல்லா என்பது டென்மார்க்கைச் சேர்ந்த பபிரிசியஸ் 1794இல் வைத்த பெயர். (தரங்கம்பாடியின் டேனியக் குடியிருப்பிலிருந்து அவருக்குப் பூச்சிகள் சென்றது பூச்சியியல் வரலாற்றில் தனியே ஆராயத்தக்க செய்தி.) வெள்ளைச் சிறகும் கரும்பும் சேர்ந்தால் நிவெல்லா என்று எழுதுவது வழக்கமாயிற்று, அதை மறுத்துப் பார்க்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

தாய்லாந்தைச் சேர்ந்த அங்கூன் லெவானிச் 1981இல் வெளியிட்ட பழைய உலகச் சிர்போபேகாக்களின் மறுஆய்வு இதை மாற்றியது. வகைமாதிரிகளையும் பிறப்புறுப்புகளையும் ஒப்பிட்ட அவர், இந்தியக் கரும்பைத் தாக்குவது நிவெல்லா அன்று, வாக்கர் 1863இல் பெயரிட்ட எக்செர்ப்டாலிஸ் என்று காட்டினார். உண்மையான நிவெல்லா நெல்லில் வாழ்வது. நெல்லின் மஞ்சள் குருத்துப்பூச்சிக்கு ஆஸ்திரேலிய அறிஞர் காமன் 1960இல் ஏற்படுத்திய ட்ரைபோரைசா என்னும் பேரினமும் இம்மறுஆய்வில் சிர்போபேகாவுடன் இணைந்தது.

இங்கு நிகழ்ந்தது பெயர்மாற்றம் மட்டுமன்று. கைலோ இன்பஸ்கடெல்லஸ் என்ற பெயர் ஸ்டிக்டிகிராஸ்பிசை நீக்கியபோது, பழைய பெயரின் இடத்தில் புதிய பெயரை எழுதிக்கொண்டால் போதுமானதாக இருந்தது. நிவெல்லா அவ்வாறன்று. அப்பெயர் இன்றும் செல்லும் பெயர். வேறொரு பூச்சியின் பெயர். 1981க்கு முந்திய ஆவணத்தில் நிவெல்லா என்றிருந்தால், கரும்பைப் பற்றியதாயின் எக்செர்ப்டாலிஸ் என்று படிக்கவேண்டும். நெல்லைப் பற்றியதாயின் அவ்வாறு படிக்கக் கூடாது. பெயர் ஒன்றே, பொருளைத் தீர்மானிப்பது பயிர்.

வயலில் இதனால் ஆவது என்ன

வகைப்பாட்டாளர் பெயரை மாற்றினால் உழவருக்கு என்ன என்ற வினா எழலாம். கரும்புச் சோகையை எடுத்துக்கொள்வோம். இளங்குருத்துப் புழுவைத் தடுக்க, நட்ட சில நாட்களில் சோகையைப் பார்களில் மூடாக்காகப் பரப்புமாறு பரிந்துரைக்கப்படுகிறது; மண் அணைப்பதும் உதவும். இடைக்கணுப் புழுவைத் தடுக்கவோ ஐந்தாம், ஏழாம் மாதங்களில் சோகையை உரித்து அகற்றவேண்டும். ஒன்றுக்குச் சோகையைச் சேர்ப்பது மருந்து. மற்றதற்கு அதைக் களைவது மருந்து. இரண்டும் ஒரே பூச்சி என்று எண்ணியிருந்த காலத்தில் இப்பரிந்துரைகளை அருகருகே வைத்தால் முரண்பாடாகவே தோன்றியிருக்கும்.

சோளத்தட்டையும் இத்தகையதே. சோளத் துளைப்பானின் புழு அறுவடைக்குப்பின் தட்டைக்குள்ளும் தாளுக்குள்ளும் உறங்குநிலையில் தங்கக்கூடியது. கரும்பையும் சோளத்தையும் கெடுப்பது ஒரே பூச்சியாயின், மாட்டுக்கு வைத்த தட்டைப்போர் பக்கத்துக் கரும்புக்குப் பகை. வேறு பூச்சியாயின் அப்பகையில் பெரும்பகுதி கற்பனை. முழுவதும் கற்பனை என்று சொல்வதற்கில்லை. இன்பஸ்கடெல்லஸ் சிலபோது சோளத்திலும், பார்டெல்லஸ் சிலபோது கரும்பிலும் காணப்படுவதுண்டு. மனிதர் வகுத்த எல்லைக்குள் பூச்சி ஒழுங்காக நிற்பதில்லை.

இயற்கை எதிரிகளைக் கொண்டு பூச்சியை அடக்கும் முயற்சியிலும் இனங்காணல் முன்நிபந்தனையாகும். அமெரிக்கக் கண்டத்தின் டயாட்ரேயா சாக்கராலிசைக் கொல்லும் கியூபா ஈ இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, நிலைகொள்ளவில்லை. தட்பவெப்பமும் பிறவும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் அவ்வீக்குப் பழக்கமான இரை இங்கு இல்லை என்பது கணக்கில் கொள்ளத்தக்கது. முட்டை ஒட்டுண்ணியாகிய டிரைக்கோகிரம்மாவிலோ குழப்பம் எதிரியின் பக்கமே இருந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இக்குளவியும் மினூட்டம், எவனெசென்ஸ், ஆஸ்திரேலிக்கம் என்று பல பெயர்களில் உலவியது. சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1971இல் ஆண் பிறப்புறுப்பின் அமைப்பே நம்பத்தக்க அளவுகோல் என்று காட்டினர். பின்னர் 1976இல் அதற்கு 'கன்பியூசம்' என்றே ஒரு பெயர் சூட்டப்பட்டு, இறுதியில் 1941இல் இஷி தந்த கைலோனிஸ் என்பது நிலைத்தது. இன்று சர்க்கரை ஆலைப் பகுதிகளில் அட்டையில் ஒட்டி வழங்கப்படும் ஒட்டுண்ணி இதுவே.

மனிதர் இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை அந்துகள் இருளிலேயே பிரித்துக்கொள்கின்றன என்பதையும் இங்குக் கூறலாம். ஒவ்வொரு சிற்றினப் பெண்ணும் வெளியிடும் கவர்ச்சி மணத்தின் வேதிக் கலவை வேறு. இனக்கவர்ச்சிப் பொறிகள் இதனடிப்படையில் இயங்குகின்றன. ஆனால் பொறியில் விழுந்ததெல்லாம் குறித்த இனமே என்று எண்ணிக் கணக்கெழுதுவது புதிய பிழைக்கு வழி. நெருங்கிய உறவினங்களும் சிலபோது விழும். ஒட்டும் அட்டையில் சிதைந்த சிறகை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது.

பழைய பதிவுகளைப் படிக்கும் முறை

2003இல் கனடாவின் பால் எபர்ட்டும் அவர் குழுவினரும் முன்வைத்த மரபணுப் பட்டைக்குறி முறை, ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுத் துண்டால் இனங்காண உதவுகிறது. புழு, முட்டை, முறிந்த கால் எதுவாயினும் போதும். ஆனால் அத்துண்டோடு ஒப்பிடும் தொகுப்பில் உள்ள பெயரை முதலில் ஒருவர் மாதிரியைப் பார்த்தே எழுதியிருப்பார். அவர் தவறாக எழுதியிருந்தால் இயந்திரம் அதே தவறைத் திருத்தமாகத் திருப்பித் தரும். மாதிரி காக்கப்பட்டிருந்தால் மட்டுமே அங்கும் திருத்தம் இயலும். கண்ணாடித் தகட்டின் எண்ணும் ஊசியில் நிற்கும் அந்தின் எண்ணும் பிரிந்துபோனால் இரண்டும் பயனற்றவை என்பது பியர்சின் காலத்திலேயே அறிந்த செய்தி.

மாதிரி இல்லாத ஆவணங்களே வரலாற்றாய்வாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை. அவற்றில் மூன்று நிலைகளைப் பிரிக்கலாம். 1919க்கு முந்திய அறிக்கை 'கைலோ சிம்ப்ளெக்ஸ், கரும்பு, மார்ச்சு மாதம், நட்ட பயிரில் குருத்துக் காய்ந்தது' என்று கூறுமாயின், அது பெரும்பாலும் இன்பஸ்கடெல்லஸ் என்று கொள்ளலாம். பருவமும் உறுப்பும் சான்று. அதே ஆண்டின் மற்றோர் அறிக்கை 'கைலோ சிம்ப்ளெக்ஸ், கோயம்புத்தூர்' என்று மட்டும் கூறுமாயின், அங்கு ஒரு துளைப்பான் இருந்தது என்பதற்குமேல் எதையும் கூற இயலாது; அதைப் பரவல் வரைபடத்தில் புள்ளியாக வைப்பது தகாது. மூன்றாவது, தொகுப்பு நூல்கள். டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இல் வெளியிட்ட தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கைந்நூல் போன்றவை முந்திய அறிக்கைகளைச் சுருக்கித் தருவன, வழிகாட்டியாக ஈடற்றவை. ஆனால் சுருக்கும்போது முதலில் உதிர்வது பருவமும் உறுப்பும். இறுதிவரை நிற்பது பெயர். நமக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு.

ஒட்டுண்ணிகளின் பட்டியல்களில் இச்சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரியும். 1981க்கு முன் தொகுக்கப்பட்ட பட்டியலொன்றில் 'சிர்போபேகா நிவெல்லா' என்ற தலைப்பின்கீழ் வரும் குளவிகளும் ஈக்களும் கரும்புத் தோட்டத்தில் எடுக்கப்பட்டவையா, நெல்வயலில் எடுக்கப்பட்டவையா என்பது பட்டியலிலிருந்து தெரியாது. அப்பட்டியலை இன்றைய பெயர்களுக்கு மாற்றியமைக்க விரும்புவோர், ஒவ்வொரு குளவியையும் முதன்முதலில் குறித்த ஆண்டறிக்கையைத் தேடி எடுக்கவேண்டும். அங்கே பெரும்பாலும் ஒரு வரி கிடைக்கும்: எந்தப் பண்ணை, எந்த மாதம், எந்தப் பயிரிலிருந்து எடுத்த முட்டைக்குவியல் என்று. அவ்வரி கிடைத்த குளவிகளை மட்டும் எக்செர்ப்டாலிசின்கீழோ நிவெல்லாவின்கீழோ மாற்றலாம். கிடைக்காதவற்றைப் பழைய பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, அப்படியே விட்டுவைக்க வேண்டும்.